சரம்… திரி… ஆலமரத்தடி!

முதலில் ஒரு சின்னப் புதிர். ‘ஆனைக்குட்டம்’ என்ற ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்துகள்?

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிப் பக்கம், அர்ச்சுனா நதியில் ஓர் அணை இருக்கிறதே, அந்த ஊர்தான். இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் விரல்விட்டு எண்ணி, “ஏழு” என்று சொல்லிவிடும். ஆ, னை, க், கு, ட், ட, ம். சரியான விடை. இதே கேள்வியைக் கணினியிடம் கேட்டுப் பாருங்கள். கொஞ்சமும் தயங்காமல் “12” என்று சொல்லும்!

கணினிக்குப் பைத்தியமா? இல்லை. நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி வீடு கட்டிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். உலக மொழிகளையெல்லாம் ஒரே பட்டியலில் அடக்கும் யூனிகோடு முறை 1991-ல் வெளிவந்தது. தமிழில் அதை ‘ஒருங்குறி’ என்கிறார்கள். அதில் தமிழுக்குக் கிடைத்தது 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி. உயிரெழுத்துக்கு ஓர் இடம், ‘க, ங, ச’வுக்கு ஓர் இடம், கொம்பு, கால், சுழி, புள்ளிக்கு ஆளுக்கோர் இடம். ‘னை’ என்று நாம் ஒரே எழுத்தாகப் படிப்பது அதற்கு ‘ன’வும் இணைக்கொம்பும். ‘க்’ என்பது ‘க’வும் புள்ளியும். அப்படியே கூட்டிக்கொண்டு போனால் 12 வந்து நிற்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘விகடகவி’யைத் திருப்பிப் படித்தாலும் ‘விகடகவி’. தெனாலிராமன் கதை கேட்ட எல்லாருக்கும் தெரியும். எப்படிப் படித்தாலும் ஒன்றாக வரும் இந்த வித்தைக்கு ‘மாலைமாற்று’ என்று பெயர். திருஞானசம்பந்தர் ஒரு பதிகத்தையே மாலைமாற்றாகப் பாடியிருக்கிறார். ஆனால் விவரம் சொல்லிக்கொடுக்காத ஒரு கணினி நிரலிடம் ‘விகடகவி’யைத் திருப்பிப் போடச் சொன்னால், தனியாக ஒரு விசிறி முதலில் வந்து தொங்கும். அதன்பின் ‘வகடகிவ’ என்று ஏதோ உளறும். சம்பந்தர் பதிகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்!

தமிழில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் வாய்க்குக் கிடைத்த அவல். ஒருவர் புதிர் போடுவார், இன்னொருவர் விடை சொல்வார், மூன்றாமவர் அந்த விடையில் ஓட்டை கண்டுபிடிப்பார். அந்த மாதிரி விளையாட்டின் முடிவில் உருப்படியான காரியமும் நடந்துவிடும். தமிழ்ச் சொல்லை நாம் எண்ணுவது போலவே எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் கருவிகள் ‘ஓப்பன் தமிழ்’ என்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்பில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம். அதன் உதவியோடு கேட்டால், ஆனைக்குட்டத்துக்குக் கணினியும் “7” என்றே சொல்லும்.

குழாயடியா, ஆலமரத்தடியா?

உங்கள் கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியோ, லிப்ரெஆபீஸோ தமிழில் பேசுகிறது என்றால், அதன் பின்னால் சம்பளமில்லாத மனிதர்கள் இருக்கிறார்கள். பகலில் வேறு வேலை. இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ‘சேமி’, ‘திற’, ‘மூடு’ என்று வரி வரியாகத் தமிழாக்குவார்கள். ஒருவர் சென்னை, ஒருவர் யாழ்ப்பாணம், ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் கனடா. பல பேர் நேரில் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை.

காசும் இல்லை, முகமும் தெரியாது. பிறகு எது அவர்களைக் கட்டி வைத்திருக்கிறது? அரட்டைதான்! வேலைப் பேச்சுக்கு நடுவே வரும் கேலி, சிலேடை, சொல் விளையாட்டு.

தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேச ஆரம்பித்த காலத்தில் அந்த இடங்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். ‘திண்ணை’, ‘மரத்தடி’, ‘ராயர் காபி கிளப்’. மாநாட்டு மண்டபம் மாதிரி ஒரு பெயர்கூட இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்காருகிற இடங்கள்தான் எல்லாமே.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் பிறந்தது. அதை ஆரம்ப ஆண்டுகளில் கைப்பிடித்து நடக்க வைத்தவர் இ. மயூரநாதன். இலங்கைக்காரர், கட்டடக் கலைஞர், ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்தவர். அந்தக் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர்கள் பொதுவாகப் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே? ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த இடத்துக்கு ‘வில்லேஜ் பம்ப்’ என்று பெயர். ஊர்ப் பொதுக் குழாயடி! நேராகத் தமிழாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் ஊரில் குழாயடி என்றாலே குடம் பறக்கும் சண்டைதானே ஞாபகம் வரும். தமிழில் அதற்கு வைத்த பெயர் ‘ஆலமரத்தடி’. கேட்டதுமே நிழல் விழுகிறது இல்லையா? பஞ்சாயத்தும் நடக்கும், வெட்டிப் பேச்சும் நடக்கும், வெயிலுக்கு ஒதுங்குகிறவரும் ஓரமாக உட்காரலாம்.

‘வலைப்பூ’ என்ற அழகான சொல்லும் இப்படி ஓர் இடத்தில் பிறந்ததுதான். ஆங்கிலத்தில் ‘பிளாக்’ என்று சொல்லப்பட்ட புதுப் பொருளுக்குத் தமிழில் என்ன பெயர் என்ற பேச்சு ராயர் காபி கிளப் குழுவில் எழுந்தபோது, மணி மணிவண்ணன் தந்த சொல் அது. எந்த ஆணையும் பிறப்பிக்கவில்லை, எந்த அரசிதழிலும் வரவில்லை. காபி கிளப் பெஞ்சிலிருந்து எழுந்து நடந்து, தமிழ் பேசும் நாடெல்லாம் சுற்றிவிட்டது.

சுட்டியைச் சொடுக்கினால் எந்தச் சுட்டி?

ஒரு பொருளுக்குத் தமிழ்ப் பெயர் தேடுவதே பெரிய புதிர்தான். அதிலும் கணினிச் சொல் என்றால் ஒவ்வொன்றும் ஒரு விடுகதை.

‘ரைட்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்க வந்த வரியில் அந்த ஒற்றைச் சொல் மட்டும் நிற்கிறது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அது வலப்பக்கமா, ‘சரி’ என்ற அர்த்தமா, உரிமையா? தவறாக ஊகித்தால், ‘எல்லா உரிமைகளும்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘எல்லா வலதுகளும்’ என்று வந்து ஊரே சிரிக்கும்.

‘மவுஸ்’ இன்னொரு கூத்து. ‘எலி’ என்றே வைக்கலாம் என்பது ஒரு கட்சி. பொருளைச் சுட்டிக் காட்டுவதால் ‘சுட்டி’ என்பது இன்னொரு கட்சி. ‘சுட்டி’ நிலைத்தது. ஆனால் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவும் இணைப்பையும் சிலர் ‘சுட்டி’ என்று எழுதப் பழகினார்கள். வீட்டில் அடங்காத பிள்ளையும் சுட்டிதான். ஆக, ‘சுட்டியை வைத்துச் சுட்டியைச் சொடுக்கிய சுட்டி’ என்று ஒரு வாக்கியம் எழுதினால் இலக்கணப்படி அதில் குற்றமே இல்லை!

பள்ளிக்கூடத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. பிளஸ் 2-வில் கணித வகுப்பில் ‘ஃபங்ஷன்’ என்றால் ‘சார்பு’. மணி அடித்து அடுத்து கணினி அறிவியல் வகுப்புக்குப் போனால் அதே ‘ஃபங்ஷன்’ ‘செயற்கூறு’ ஆகிவிடும். இரண்டுக்கும் உறவு உண்டு என்று ஆசிரியர் எடுத்துச் சொன்னால்தான் தமிழ்வழிப் பிள்ளைக்குத் தெரியும்.

ஆனால் தமிழ் ஆங்கிலத்தை ஒரே அடியில் ஜெயித்த இடங்களும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்று ஓர் இயக்கம். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய க்நூ திட்டத்திலிருந்து வளர்ந்தது. அதில் வரும் ‘ஃப்ரீ’ என்பது சுதந்திரம், ஓசி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவர்கள் பல பத்தாண்டுகளாக விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் வந்த வினை. தமிழில் இதற்குப் புழங்கும் சொல் ‘கட்டற்ற மென்பொருள்’. கட்டு இல்லாதது. விளக்கமே தேவையில்லை. இலவசமா என்ற சந்தேகம் யாருக்கும் வராது.

இன்னொன்று. அமெரிக்காவில் வாழும் பொறியாளர் முத்தையா அண்ணாமலை, தமிழிலேயே நிரல் எழுத ‘எழில்’ என்ற கணினி மொழியை உருவாக்கினார். ஆங்கிலக் கணினி மொழிகளில் நிபந்தனை சொல்ல வேண்டுமென்றால் ‘இஃப்’ முதலில் வந்து நிற்கும். நாம் அப்படியா பேசுகிறோம்? ‘மழை பெய்தால்’ என்று மழையை முதலில் சொல்லிவிட்டு, ‘ஆல்’ என்று கடைசியில்தானே நிபந்தனையை ஒட்டுகிறோம்! எழிலில் நிபந்தனையை முதலில் எழுதிவிட்டு, அதன் பின்னால் ‘ஆனால்’ என்று எழுத வேண்டும். ஒரு சொல் இடம் மாறியதில், கணினி கொஞ்சம் தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டது.

ரொறன்ரோ எங்கே இருக்கிறது?

இந்த ஆலமரத்தடிக்கு இரண்டு கரைத் தமிழும் வரும். அங்கேதான் வேடிக்கை இன்னும் களைகட்டும்.

‘ரொறன்ரோ’ என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. மதுரைக்காரர் படித்தால் ஏதோ ஆப்பிரிக்க ஊர் என்று நினைப்பார். அது கனடாவின் டொராண்டோ! இலங்கைத் தமிழர்கள் ஆங்கில ‘டி’ ஒலியை ‘ர, ற’ கொண்டு எழுதுவார்கள். ‘காற்று’, ‘வெற்றி’ ஆகிய சொற்களில் இரட்டை ‘ற’வை அவர்கள் ஒலிக்கும் விதத்தைக் கேட்டால் காரணம் புரியும். நாக்கு பல்லுக்குச் சற்று மேலே தொடும். ஆங்கிலேயர் ‘டி’ சொல்லும் இடமும் கிட்டத்தட்ட அதுவே. நாமோ நாக்கை மடித்து ‘ட’ போடுகிறோம். ஒலியைக் கேட்டு எழுதினால் அவர்கள் வழிக்கு நியாயம் உண்டு. நம் வழிக்குப் பழக்கம் உண்டு.

அதேபோல் நமக்குக் ‘கணினி’, அவர்களில் பலருக்குக் ‘கணனி’. நாம் ‘பேசுவோம்’, அவர்கள் ‘கதைப்பார்கள்’. ‘விக்கிபீடியா’வா, ‘விக்கிப்பீடியா’வா? தமிழில் இரண்டு உயிர் ஒலிகளுக்கு நடுவே தனியாக நிற்கும் ‘ப’ மென்மையாகத்தான் ஒலிக்கும். ‘தபால்’ என்று சொல்லிப் பாருங்கள். வன்மையான ஒலி வேண்டுமென்றால் ‘அப்பா’ போல ஒரு ‘ப்’ முட்டுக் கொடுக்க வேண்டும். இன்று அந்தக் கலைக்களஞ்சியத்தின் முகப்பில் ‘ப்’ முட்டுக் கொடுத்துத்தான் நிற்கிறது.

இதெல்லாம் சண்டையாக முடியக்கூடிய சங்கதிகள். சில நேரம் முடிந்தும் இருக்கிறது. கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று தொடங்கினால் போதும், ஆலமரத்தடி குழாயடி ஆகிவிடும். அப்போது யாராவது ஒருவர் சிலேடையாக ஒன்று சொல்லிச் சிரிக்க வைத்தால்தான் கூட்டம் கலையாமல் இருக்கும். சிரித்த பிறகு வேலைக்குத் திரும்புவது எளிது. கோபித்துக்கொண்டு எழுந்து போனவரைத் திரும்ப அழைத்து வருவது கடினம். சம்பளம் வாங்காதவரை எந்த மேலதிகாரி வந்து கூப்பிடுவார்?

பூந்தொட்டி இல்லை, புஸ்வாணம்

இந்தச் சொல் தேடும் வித்தையில் கெட்டிக்காரர்கள் யார் என்று கேட்டால், சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலாளிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தீபாவளிப் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘ஃப்ளவர் பாட்’ என்று அச்சிட்டிருக்கும். சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘பூந்தொட்டி’. அப்படி யாராவது சொல்கிறோமா? பற்ற வைத்ததும் ‘புஸ்’ என்று வானத்துக்குச் சீறுகிறது. அது ‘புஸ்வாணம்’. தரையில் சுழல்வது ‘தரைச்சக்கரம்’. சுருண்டு சுருண்டு கறுப்பாக எழுகிறது ‘பாம்பு மாத்திரை’. ‘மத்தாப்பு’ பாரசீகத்தில் நிலவொளியைக் குறிக்கும் ‘மஹ்தாப்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. வந்த சொல்லை விரட்டவில்லை. கம்பியில் பூசியதும் ‘கம்பி மத்தாப்பு’ என்று ஒட்டுப் போட்டுத் தமிழாக்கிவிட்டார்கள்.

ஆங்கிலச் சொல்லைப் பார்க்காமல் பொருளைப் பார்த்துப் பெயர் வைப்பதுதான் அவர்கள் வழி. குழாயடியை விட்டு ஆலமரத்தடியைப் பிடித்ததும், ஓசியை விட்டுக் ‘கட்டற்ற’ என்று சொன்னதும் அதே வழிதான்.

இணையத்துக்கும் பட்டாசுக்கும் சொற்களில் இன்னும் நெருங்கிய உறவு இருக்கிறது. ஒரு பேச்சைத் தொடர்ந்து பலர் பதில் எழுதிக்கொண்டே போவதை ஆங்கிலத்தில் ‘த்ரெட்’ என்பார்கள். தமிழில் சிலர் ‘இழை’ என்றார்கள், சிலர் ‘திரி’ என்றார்கள். சிவகாசியில் திரி என்றால் என்ன என்று சொல்லவே வேண்டாம். ஒரு முனையில் பற்றவைத்தால் மறுமுனையில் வெடிக்கும். இணையத்துத் திரிகளும் பல நேரம் அப்படித்தான்!

பேராசிரியர் வாஞ்சிநாதன் இணையத்தில் ஒற்றைக் குறிப்புச் சொற்புதிர்களை வெளியிட்டு வருகிறார். குறுக்கெழுத்துக் கட்டம் கிடையாது, ஒரே ஒரு குறிப்பு மட்டும். அதற்கு அவர் வைத்த பெயர் ‘உதிரிவெடி’. சரமாக இல்லாமல் ஒன்றொன்றாக வெடிப்பது. அந்தப் பாணியில் இங்கே ஒன்று. ‘கடைசி எழுத்தைத் தொலைத்த சிவன், தன் திருத்தலத்தோடு சேர்ந்தால் பட்டாசுச் சத்தம் (4)’. சிவனில் ‘ன்’ போனால் ‘சிவ’. அவன் தலம் ‘காசி’. சேர்த்தால் ‘சிவகாசி’. நாலு எழுத்து. மேலே படிக்கும்போது ஒரு கதைபோல் இருக்கும், உள்ளே பிரித்தால் விடை ஒளிந்திருக்கும். மொழியைப் பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் நிரல் எழுதுகிறவர்களுக்கும் வேண்டும்.

சரம்

தமிழ்வழியில் பிளஸ் 2 கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் ‘பைத்தான்’ என்ற கணினி மொழி பாடமாக இருக்கிறது. அதில் ‘சரங்கள்’ என்று ஒரு பாடம். எழுத்துகளை வரிசையாகக் கோத்து வைத்ததை ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரிங்’ என்பார்கள். தமிழ்ப் பாடநூலில் ‘சரம்’.

ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டாசு ஆலைக்குப் போய் வந்த சித்தி, பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கேட்கிறாள்.

“என்னத்தா படிக்கிற?”

“சரம் சித்தி.”

“சரமா? அதத்தான நாங்க வருசக்கணக்கா பின்னுனோம். அதுக்கா புத்தகம் போட்டுருக்கான்?”

“இது வெடிச் சரம் இல்ல சித்தி, எழுத்துச் சரம். வெடிக்குப் பதிலா எழுத்தக் கோக்குறது. கோத்த பெறகு, எத்தனாவதா எந்த எழுத்து இருக்குன்னு கேட்டா அது சொல்லும்.”

“எங்க சரத்தயும் எண்ணித்தான் கட்டுவோம்.”

“ஆனா இது ஒண்ணுல இருந்து எண்ணாது சித்தி. சைபர்ல இருந்து எண்ணும்.”

“சைபர்ல இருந்தா? அப்படி எண்ணுனா கூலியில ஒண்ணு கொறஞ்சு போகுமேத்தா!”

கற்பனை வீடுதான். ஆனால் இதில் நடந்ததைக் கவனியுங்கள். பைத்தான் மொழி வரிசையை 0-விலிருந்து எண்ணும் என்பதில் உலகம் முழுக்கப் புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் தடுமாறுவார்கள். முதலாவது எழுத்தைக் கேட்க ‘0’ என்று சொல்ல வேண்டும். சித்தியின் கேலியைக் கேட்ட பெண் அதை இனி மறக்கவே மாட்டாள். அந்தக் கேலி சாத்தியமானது ஏன்? புத்தகத்தில் இருந்த சொல் சித்தியின் கையில் ஏற்கெனவே இருந்த சொல். சரத்துக்குப் பதிலாக வாயில் நுழையாத எதையாவது வைத்திருந்தால், “நீ படித்தா, எனக்கு அதெல்லாம் தெரியாது” என்று சித்தி அடுப்படிக்குப் போயிருப்பாள்.

இன்னொரு வருத்தமும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தது. காற்று மாசும் குப்பையும் காரணம். சரம் பின்னிய விரல்கள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. பட்டாசுத் தொழிலை நம்பியிருக்கும் வட்டாரத்தில், “நம்மோடு இந்த வேலை போகட்டும், பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகட்டும்” என்று நினைக்கிற அம்மாக்கள் ஏராளம். வெடி விபத்துச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் அந்த நினைப்பு இன்னும் இறுகுகிறது. அப்படிப் படிக்க வருகிற பிள்ளையின் முதல் வாசல்தான் இந்தப் பாடநூல் சொற்கள். புரிகிற சொல் என்றால் வாசல் திறக்கும். புரியாத சொல் என்றால், “நமக்குக் கம்ப்யூட்டர் வராது” என்று பதினேழு வயதில் ஒரு பிள்ளை தன்னைத்தானே வெளியே நிறுத்திக்கொள்ளும். குறை சொல்லில் இருந்திருக்கும். பிள்ளை அதைத் தன் குறையாக எடுத்துக்கொள்ளும்.

மரத்தடியில் யார் யார்?

அதனால்தான் அரட்டையை வெட்டிப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. பத்துச் சொல்லைச் சொல்லி, ஒன்பதைச் சிரித்துத் தள்ளி, பத்தாவதை எடுத்துக்கொள்கிற இடம் அது. தப்பாகச் சொன்னால் தலையில் குட்டு விழும் என்ற பயம் இருக்கிற இடத்தில் யாரும் பத்துச் சொல் சொல்ல மாட்டார்கள். ஆங்கில அகராதியைப் பார்த்து ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ‘பூந்தொட்டி’கள் பிறப்பது அப்படித்தான்.

கேலிக்கும் ஓர் எல்லை வேண்டும். சொல்லைக் கேலி செய்யலாம், சொன்னவரைக் கேலி செய்யக் கூடாது. “சுட்டிக்குள் எத்தனை சுட்டி?” என்று கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். “உனக்குத் தமிழே தெரியாதே” என்று சொன்னால், புதிதாக வந்தவர் அன்றோடு போய்விடுவார். போகிறவர் பெரும்பாலும் சின்ன ஊர்க்காரராக இருப்பார் என்பதுதான் கவலை. கல்லூரியில் ஆங்கிலத்துக்குப் பயந்தவர், இங்கே தமிழுக்கும் பயந்து ஒதுங்கினால் அவர் எங்கேதான் உட்காருவார்?

நல்ல சேதியும் உண்டு. 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் கட்டுரைகளும் மின்னூல்களும் தந்து வருகிறது. விழுப்புரத்தில் ஓர் ஆர்வலர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸும் நிரல் எழுதவும் சொல்லிக்கொடுக்கிறது. நீச்சல்காரன் என்ற புனைபெயரில் இயங்கும் மென்பொருள் ஆர்வலர், சந்திப்பிழை திருத்த ‘நாவி’யும், எழுத்துப்பிழை திருத்த ‘வாணி’யும் செய்து கொடுத்திருக்கிறார். ‘ஆனைக்குட்டம்’ என்பதில் நடுவே ஒரு ‘க்’ ஏன் நிற்கிறது என்று குழம்புகிறவர்களுக்கு இந்த மாதிரிக் கருவிகள் ஒரு வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல.

கரிசல் மண்ணின் சொற்களையெல்லாம் தேடித் திரட்டி, வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றைத் தந்தார் இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன். கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லாத விவசாயி அவர். களத்துமேட்டிலும் கம்மாய்க்கரையிலும் புழங்கிய சொற்கள் அச்சில் ஏறியது அப்படித்தான். அதே மண்ணில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களில் இன்னும் எத்தனையோ சொற்கள் கைகளில் புழங்குகின்றன. கோப்பது, பின்னுவது, கிட்டிப்பது, அடுக்குவது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வினைச்சொல். கணினிக்குள்ளும் கோக்கிற, பின்னுகிற, அடுக்குகிற வேலைகள்தான் நடக்கின்றன. இந்தக் கைகளையும் அந்தத் திரைகளையும் சேர்த்து வைக்கிற ஆட்கள்தான் குறைவு.

ஆகவே, வீட்டில் யாராவது கணினி படிக்கிறார்கள் என்றால் ஒரு காரியம் செய்யுங்கள். புரியாத ஒரு கணினிச் சொல்லை அவர்களிடம் கேட்டு வாங்கி, அது என்ன வேலை செய்கிறது என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பிறகு பாட்டி, சித்தி, மாமா எல்லாருமாக அதற்கு ஒரு பெயர் வையுங்கள். பத்துப் பெயர் வரும், ஒன்பது சிரிப்பாக இருக்கும். மிச்சமுள்ள ஒன்றை அந்தப் பிள்ளை ஆலமரத்தடிக்கு எடுத்துப் போகட்டும்.

போவதற்குமுன் ஓர் உதிரிவெடி. ‘வீதி சுற்றும் பாட்டோடு விகடகவியின் தலை சேர்ந்தால், இணையத்தைச் சுற்றிக் காட்டும் (3).’

யோசித்துவிட்டீர்களா? அரசன் வீதியில் பவனி வருவதைப் பாடுவது ‘உலா’. விகடகவியின் தலை ‘வி’. விடை: உலாவி.